முன்பாரம்: கதிர் வாங்கவிருக்கும் பிக்கப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

சனிக்கிழமை

கதிர்: அனைவருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஜூன் மாதம் டென்வருக்கு வந்து நான்கு மாதம் எங்களோடு தங்கப்போவதால், நெடுநாளாகப் பேசிக்கொண்டிருந்த டிராவல் டிரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீட்டை, இந்த வாரம் முடிவு செய்துவிட்டோம். நீளம் 28 அடி. பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், முன்பக்கம் பெரியவர்களுக்குக் கதவுடன் கூடிய படுக்கையறை. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு அதன் எடை 7,600 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதை இழுக்க இன்று ஒரு பிக்கப் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) பார்த்தோம், அரை டன் எனப்படும் சிறிய வகை. 11,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். நமக்குத் தேவையானதைவிட 3,400 பவுண்டு கூடுதலாக இருப்பதால் திங்கட்கிழமை முன்பணம் கட்டலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

டாலஸ் மாமா: கதிர், முன்பணத்தை இரண்டு நாள் தள்ளி வை. நாளைக்கு மறுபடியும் போய், அந்த வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். பேலோடு என்று சொல்வது அதைத்தான். விளம்பரத்தில் இருக்கும் எண் அந்த மாடல் முழுவதற்கும் பொதுவானது, கதவில் இருக்கும் எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. இத்தனை வருடம் டிரெய்லர் இழுத்ததில் நான் கற்றதை ஒரே வரியில் கேட்டால், கதவைத் திறந்து பார்க்காமல் பிக்கப் வாங்காதே என்றுதான் சொல்வேன்.

கதிர்: அப்படியானால் 11,000 என்பது பொய்யா மாமா?

டாலஸ் மாமா: பொய் இல்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று, இழுக்கும் திறனை அளக்க ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு அருகே, டேவிஸ் அணைப் பக்கத்திலிருந்து மலையேறும் 68ஆம் எண் சாலையில், 11 மைலுக்கு மேல் ஏசியை முழுதாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏறிக்காட்ட வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் அதைத் தாங்குகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கிடுவது தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேரை. நீங்கள் ஆறு பேர். இழுக்கும் வலிமையில் நீ தோற்கப்போவதில்லை, சுமக்கும் வலிமையில்தான் தோற்பாய்.

மலர்: மாமா, டிரெய்லருக்குத்தான் சொந்தமாகச் சக்கரங்கள் இருக்கின்றனவே, அதன் எடை பிக்கப்பின் மேல் எப்படி ஏறும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டாலஸ் மாமா: முழு எடையும் ஏறாது அம்மா. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்னால் இருக்கும் ஹிட்ச் என்ற இணைப்பின் பந்து மேல் உட்காருகிறது அல்லவா, அந்த இடத்தில் டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் சாலையில் வாலாட்டத் தொடங்கிவிடும். அந்த அழுத்தம் முழுவதும் பிக்கப்பின் பேலோடு கணக்கில் சேரும்.

அப்பா: இதை நாங்கள் ஊரில் முன்பாரம் என்று சொல்வோம். மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது முன்பக்கம் அதிகமாக வைத்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு தலை தாழ்ந்து நடக்கும். பின்பக்கம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். என் தகப்பனார் கடைசி மூட்டையை அச்சுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நீங்கள் சொல்வதும் அதுதான் போலிருக்கிறது.

டாலஸ் மாமா: அதேதான் அத்தான். இவ்வளவு தெளிவாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இனி இந்தக் குழுவில் முன்பாரம் என்றே சொல்வோம்.

அப்பா: அப்படியானால் ஒரு கேள்வி. பிள்ளைகளின் சைக்கிள்களை டிரெய்லரின் பின்னால் மாட்டப்போவதாகக் கதிர் நேற்று தொலைபேசியில் சொன்னான். அது பின்பாரம் இல்லையா?

டாலஸ் மாமா: பின்பாரம்தான். கதிர், சைக்கிள்கள் பிக்கப்பின் தொட்டியில் வரட்டும். பின்னால் ஒரு பவுண்டு கூட்டினாலும் முன்பாரம் குறையும்.

மலர்: போன வசந்தத்தில் வயோமிங்கில் லாரமியிலிருந்து ராலின்ஸுக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் போனபோது, குறுக்குக் காற்றில் ஒரு டிரெய்லர் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தோம். அதற்கு எது காரணம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் டிரெய்லர் என்றாலே அந்தக் காட்சிதான் கண்முன் வருகிறது. கதிர் களைத்தால் நான்தான் ஓட்டப்போகிறேன். அதனால் இந்தக் கணக்கு முடியும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று நானும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கதிர்: ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியிருக்கிறேன். 1,420 பவுண்டு என்று போட்டிருக்கிறது. அதே மாடலில் பக்கத்தில் நின்ற எளிய வண்டியில் 1,790 இருந்தது. விலை கூடிய வண்டி ஏன் குறைவாகச் சுமக்கிறது?

டாலஸ் மாமா: வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே பேலோடு. நீ பார்த்ததில் கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படிக்கட்டு, பெரிய சக்கரம், மின்சார இருக்கை எல்லாம் இருக்கின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றும் உன் சுமையிலிருந்து எடுத்துக்கொண்டவை. சரி, இப்போது ஆறு பேரின் எடையையும் சொல்.

அம்மா: என்னுடையது 58 கிலோ. அப்பாவுடையது 70. ஆனால் எங்களால்தான் வண்டி போதவில்லை என்றால், நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். நீங்கள் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

மலர்: அத்தை, நீங்கள் இல்லாத பயணத்துக்கு இந்த டிரெய்லரே எங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தனி அறை வேண்டும் என்பதற்காகத்தான் 28 அடியே எடுத்தோம். வண்டியைத்தான் மாற்ற வேண்டும், ஆட்களை அல்ல.

கதிர்: நான் 180, மலர் 140, பிள்ளைகள் 72, 56, அப்பா 154, அம்மா 128. மொத்தம் 730 பவுண்டு. முன்பாரம் 13 பங்கு என்று வைத்தால் 988. ஹிட்ச் கருவி 95. தொட்டியில் சைக்கிள், ஜெனரேட்டர், நாற்காலி எல்லாம் 160. கூட்டினால் 1,973. கதவில் இருப்பது 1,420. அதாவது 553 பவுண்டு அதிகம். 3,400 பவுண்டு மிச்சம் இருக்கிறது என்று நேற்று நானே எழுதியிருந்தேன், படித்தால் நெஞ்சு படபடக்கிறது.

ஃபோர்ட் காலின்ஸ் அத்தான்: டிரெய்லரின் விளம்பரத் தாளில் முன்பாரம் 690 பவுண்டு என்றுதானே இருந்தது, கதிர்? 988 எங்கிருந்து வந்தது?

கதிர்: அது தொழிற்சாலையிலிருந்து வரும் வெற்று டிரெய்லரின் முன்பாரம், அத்தான். பேட்டரி, இரண்டு நிறைந்த புரோப்பேன் உருளைகள், முன்பக்க அறையின் சாமான்கள் எதுவும் அதில் இல்லை. தண்ணீர்த் தொட்டியையும் சேர்க்க வேண்டும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 கேலனுக்கு 400 பவுண்டுக்கு மேல் வருகிறது.

வசந்தி அக்கா: பாரத்தைப் பங்கிட்டுத் தரும் ஹிட்ச் போட்டால் போதும் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார். அது உண்மையா மாமா?

டாலஸ் மாமா: அது கட்டாயம் வேண்டும், ஆனால் அதனால் மட்டும் இந்தக் கணக்கு சரியாகாது வசந்தி. அந்த ஹிட்சின் இரும்புக் கம்பிகள், பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு போகும் ஆபத்து அதனால் நீங்குகிறது. ஆனால் 553 பவுண்டை அது மாயமாக்காது. கதவில் எழுதியிருக்கும் எண்ணை அது மாற்றவும் மாற்றாது.

ஃபோர்ட் காலின்ஸ் அத்தான்: அரை டன் போதாது என்றால் அடுத்த பெரிய வகையான முக்கால் டன்தான். அதை எடுப்பதாக இருந்தால் டீசலாகவே எடுத்துவிடு கதிர். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிவதால், சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் வலிமையை இழக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள டீசலுக்கு அந்தக் குறை மிகச் சிறிது. இறங்கும்போது, புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சில்வர்தார்ன் பக்கம் அந்த 7 சதவீதச் சரிவில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டாலஸ் மாமா: மாப்பிள்ளை சொல்வதில் மலையைப் பற்றியது அத்தனையும் சரி. ஆனால் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. வரம்பு உயராமல் எஞ்சின் மட்டும் கனத்தால் பேலோடுதான் குறையும். நன்றாக அலங்கரித்த சில டீசல் முக்கால் டன் வண்டிகளின் கதவில் 2,000 பவுண்டைச் சுற்றியே எண் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு வேண்டியதே 1,973. இந்த டிரெய்லர் 12,000 பவுண்டாக இருந்தால் நானும் டீசல் என்றே சொல்லியிருப்பேன். 7,600க்குப் பெட்ரோல் போதும். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் போடும், வேகம் 45க்கு இறங்கும், லாரிகளோடு வலப்பக்கத் தடத்தில் போக வேண்டியிருக்கும். அதில் எந்தக் குறைவும் இல்லை.

மலர்: மெதுவாக ஏறுவதில் எனக்குச் சம்மதம்தான். எனக்கு அச்சம் இறக்கத்தில்தான்.

டாலஸ் மாமா: டிரெய்லர் இழுக்கும்போது பயன்படுத்தும் டோ-ஹால் மோடைப் போட்டால் பெட்ரோல் வண்டியும் தானாகக் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்க வேண்டும், பாதியில் குறைக்க முயன்றால் பிரேக் சூடாகும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்து. அது டிரெய்லரைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும். வாங்கிய பிறகு முதல் வாரம் ஒரு காலி மைதானத்தில் இதைப் பத்துத் தடவை செய்து பழகிக்கொள் அம்மா. அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

வசந்தி அக்கா: மின்சாரப் பிக்கப்பை நீங்கள் யாரும் பேசவில்லையே?

கதிர்: பார்த்தேன் அக்கா. டிரெய்லர் மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது, சார்ஜ் செய்யும் இடங்கள் பலவற்றில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாப் வரை போக நினைக்கும் எங்களுக்கு இப்போது அது ஒத்துவராது.

மலர்: இன்னொன்று. முக்கால் டன் வண்டி ஏறத்தாழ 21 அடி நீளம். எங்கள் கராஜ் 20 அடி ஆழம். பனிக்காலம் முழுவதும் வெளியே நின்றாக வேண்டும். தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது என்னிடம் இருக்கும் சிறிய காரிலேயே இருக்கட்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

கதிர்: ஒப்புக்கொள்கிறேன். உரிமம் பற்றியும் விசாரித்தேன். இரண்டும் சேர்ந்து 26,000 பவுண்டுக்கு மிகவும் கீழே இருப்பதால் சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும்.

புதன்கிழமை

கதிர்: இரண்டு வருடம் ஓடிய ஃபோர்டு எஃப்-250 ஒன்று கிடைத்திருக்கிறது. 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 430 குதிரைத்திறன். துணி இருக்கை, சாதாரண கூரை, தொழிற்சாலையிலேயே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர். விலையைக் கேட்பதற்கு முன்பு கதவைத் திறந்தேன். 2,940 பவுண்டு. நம் கணக்குப் போக 967 பவுண்டு மிஞ்சுகிறது.

டாலஸ் மாமா: இப்போது முன்பணம் கட்டு.

ஃபோர்ட் காலின்ஸ் அத்தான்: சுரங்கத்தின் உயரத்தில் அந்த 430இல் 290 போலத்தான் மிஞ்சும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. அதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறாய் என்றால் எனக்கும் முழுச் சம்மதம்தான்.

ஜூன், இரண்டாம் சனிக்கிழமை

கதிர்: லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள, கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் இன்று எல்லோரும் ஏறிவிட்டோம். அப்பா, அம்மா, பிள்ளைகள், தண்ணீர், சைக்கிள் அனைத்தோடும். மாமா சொன்னபடி ஹிட்ச் கம்பிகளை இறுக்காமல் ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு முறை. டிரெய்லரோடு பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 9,005, டிரெய்லர் இல்லாமல் 8,045. டிரெய்லரின் அச்சுகள் 6,390.

டாலஸ் மாமா: முன்பாரம் 960. டிரெய்லரின் மொத்த எடை 7,350. பதின்மூன்று பங்கு வருகிறது. கம்பிகளை இறுக்கி மூன்றாவது தடவையும் ஏறினாயா?

கதிர்: ஏறினோம். முன் அச்சில் குறைந்திருந்த எடை பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அந்தச் சீட்டை அப்பா வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அப்பா: எடைமேடையில் ஏறுவதற்கு முன்பு டிரெய்லரின் மூக்கைப் பார்த்தேன். தாழவும் இல்லை, தூக்கவும் இல்லை. மட்டமாக இருந்தது.

டாலஸ் மாமா: நல்லது அத்தான். கதிர், டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பு காற்றைப் பார். டிரெய்லர் சக்கரத்தின் நட்டுகளை முதல் 50 மைல் முடிந்ததும் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடியும் இறுக்கு. புதுச் சக்கரத்தில் அவை கொஞ்சம் தளரும்.

மலர்: ஜார்ஜ்டவுனில் நிறுத்தி இறுக்குகிறோம் மாமா. அங்கிருந்து சுரங்கம் வரை நான் ஓட்டுகிறேன்.