பழைய பிக்கப்பில் இன்ஜின் தட்டும் சத்தம்: உங்களுக்கு எதில் போய் நின்றது?

கைமாறி வந்த பெட்ரோல் பிக்கப். ஐடிலில் அவ்வளவு அமைதி. பின்னால் சுமை ஏற்றி டாப் கியரில் மேட்டில் மிதித்தால் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற சத்தம், காலை எடுத்த உடனே நின்றுவிடும். ஆக்டேன் (தட்டாமல் எரிகிற திறன்) கூடின பெட்ரோல் போட்டேன், குறைந்ததே தவிர போகவில்லை. அப்புறம் எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குள் திருப்பி விடுகிற ஈஜிஆர் வால்வைக் கழற்றினேன். வால்வு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குக் கீழே மேனிஃபோல்டுக்கு (காற்று இன்ஜினுக்குள் போகிற குழாய்த் தொகுதி) போகிற துளையில் கார்பன் கல்லாக இறுகி, ஸ்க்ரூடிரைவர் முனைகூட இறங்கவில்லை. எரிந்த புகை கொஞ்சம் திரும்ப உள்ளே போனால்தானே எரிகிற சூடு தணியும்! சுரண்டி எடுத்த பிறகு அதே மேட்டில் சத்தமே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. விற்றவர் ஓட்டிக் காட்டியபோது மேட்டுப் பக்கமே வண்டியைத் திருப்பவில்லை. அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

* * *

சத்தம் கேட்டதும் வால்வைக் கழற்றச் சொல்லாதீர்கள். என் வண்டியிலும் இதே சத்தம்தான். மெக்கானிக் நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெதுவாக ஏற்றினார், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கிணுகிணுத்தது. கீழே படுத்து ஒரு கட்டையால் சைலன்சர் குழாய்க்கு மேலிருக்கும் ஹீட் ஷீல்டை, அதாவது சூடு தடுக்கும் தகரத்தை அழுத்தினார், சத்தம் நின்றது. போல்ட் துருப்பிடித்து அறுந்திருந்தது, அவ்வளவுதான். சுமையே இல்லாமல் நியூட்ரலில் சத்தம் வந்தால் முதலில் தகரத்தைப் பாருங்கள்.

* * *

நியூட்ரலில் வந்தால் தகரம், சரி. நியூட்ரலில் வராவிட்டால் தகரம் இல்லை என்று ஆகாது. சுமை ஏறும்போது இன்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்டில் சாயும், அப்போது மட்டும் உரசுகிற ஷீல்டும் உண்டு. அதனால் இந்த ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. என் கதை சின்னது. பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்றின் பீங்கானில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டனின் அலுமினியம்! அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பாதி அடைத்து, பெட்ரோல் போதாமல் எரிந்திருக்கிறது. அந்தப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

புதிதாக வாங்குபவர்கள் ஸ்கேனர் போட்டு லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் நின்றால் பெட்ரோல் குறைவாகவோ காற்று கூடுதலாகவோ போகிறது: வேக்குவம் ஹோஸ் வெடிப்பு, தளர்ந்த பெட்ரோல் பம்ப், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், அழுக்கான காற்று சென்சார் என்று தேடலாம். பி0401 என்ற பிழைக் குறியீடு வந்தால் ஈஜிஆரில் ஓட்டம் போதவில்லை என்று பொருள், முதல் பதிவுக்காரர் சொன்ன அடைப்பு அங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்புவது) உள்ள பழைய வண்டி என்றால் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரத்தை, டைமிங் லைட் பிடித்தே பாருங்கள், இழுவை வேண்டும் என்று முன்னால் யாராவது டைமிங்கை முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (சூட்டை வெளியேற்றும் அளவு) இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். இன்டேக்கில் எண்ணெய் இறங்கினாலும் தட்டும், எண்ணெய் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். எதுவுமே புரியாவிட்டாலும் டாப் கியரில் அழுத்தி மிதிப்பதை நிறுத்துங்கள், ஒரு கியர் இறக்கி ஓட்டினால் பிஸ்டனாவது பிழைக்கும்.

* * *

எனக்கு ஈஜிஆரும் இல்லை, தகரமும் இல்லை. செக் லைட் எரியவே இல்லை, ஸ்கேனரில் பிழைக் குறியீடும் இல்லை. ஆனால் மேட்டில் அப்படித் தட்டியது. தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற நாக் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் என்பதால் எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க முடிந்தது. சென்சாருக்குப் போகிற ஒயரை அறுத்து, ஒரு ரெசிஸ்டரை வைத்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு சென்சார் இருக்கிற மாதிரியே தெரியும், தட்டுகிற சத்தம் மட்டும் அதன் காதில் விழாது, அதனால் டைமிங்கைப் பின்னே இழுக்கவும் செய்யாது. சென்சார் மாற்றுகிற செலவை மிச்சம் பிடிக்க, அடுத்து வாங்குபவனின் இன்ஜினையே பணயம் வைத்திருக்கிறார்கள். புது சென்சாரும் ஒயரும் போட்ட பிறகு இப்போது சரி. லைட் எரியவில்லை, அதனால் நாக் சென்சார் நல்லது என்று சொல்பவரை இனி நம்ப மாட்டேன்.