அருண் சைக்கிள் 'நிக்' ஆன கதை

அருண்: அம்மா, சைக்கிள் போய்விட்டது. ரூமில் கூட இருப்பவன் காலையிலேயே "யுவர் பைக் இஸ் நிக்டு" என்று மெசேஜ் போட்டிருந்தான். கிரிக்கெட்டில் சொல்கிற மாதிரி எதிலோ லேசாக உரசியிருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளாசுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் அறுந்த பூட்டு மட்டும் கிடக்கிறது.

அம்மா: அடப்பாவி! உரசினதற்கா ஒருத்தன் மெனக்கெட்டு மெசேஜ் போடுவான்?

பெரியப்பா: டேய், இங்கிலாந்தில் நிக் என்றால் திருட்டு. நாம் 'சுட்டுட்டான்' என்கிறோமே, அது. அதையே போலீஸ்காரர் "யூ ஆர் நிக்டு" என்று சொன்னால் உன்னைக் கைது செய்கிறார். கொண்டுபோய் வைக்கிற இடமும் 'தி நிக்'தான். ஸ்டேஷனுக்கும் அதே பெயர், ஜெயிலுக்கும் அதே பெயர்.

அத்தை: நம் ஊரில் மாமியார் வீடு என்போமே, அதுவா அண்ணா?

அம்மா: மாமியார் வீட்டுப் பேச்சு இந்த குரூப்பில் வேண்டாம், பாட்டியும் இருக்கிறார்.

அருண்: அய்யோ, பழைய சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது பெரியப்பா. 'இன் குட் நிக்' என்று போட்டிருந்தார்கள். திருட்டு சைக்கிளை இப்படியா வெளிப்படையாக விளம்பரம் பண்ணுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா: நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்று அர்த்தம்டா. உடனே கூப்பிட்டுக் கேள்.

திவ்யா (மெல்போர்ன்): இங்கே 'நிக் ஆஃப்' என்றால் இடத்தைக் காலி பண்ணு. 'இன் தி நிக்' என்றால் ஒட்டுத்துணி இல்லாமல் இருப்பது. அருண், ஜெயிலைப் பற்றி இங்கே வந்து பேசும்போது பார்த்துப் பேசு.

பெரியப்பா: ஆதியில் அது கத்தியால் போட்ட சின்ன வெட்டு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அங்கே கணக்கு என்றாலே குச்சியில் வெட்டிக் குறிப்பதுதான். கிரிக்கெட் ரன்னைக்கூட அப்படித்தான் வெட்டி எண்ணியிருக்கிறார்கள், அரசாங்கக் கஜானாக் கணக்கும் அதேதான். வேண்டாமென்று ஒதுக்கிய அந்தக் கஜானாக் குச்சிகளை 1834 அக்டோபரில் பார்லிமென்ட் கட்டடத்து அடுப்பில் போட்டு எரிக்கப்போய், கட்டடத்தில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது! கடைசி நொடியில் வந்து சேர்ந்தால் 'நிக் ஆஃப் டைம்' என்கிறார்களே, அதிலும் இந்த வெட்டுதான். 'ஓல்டு நிக்' என்றால் சாத்தான், அது வேறு கணக்கு.

அத்தை: பட்டப்பெயருக்கு நிக்நேம் என்கிறோமே, அதுவும் இந்த வெட்டிலிருந்து வந்ததா?

பெரியப்பா: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூடுதல். 'அன் ஈக்நேம்', கூடுதலாக ஒரு பெயர். வேகமாகச் சொல்லிச் சொல்லி 'அன்'னில் இருந்த ன் நகர்ந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது, 15ஆம் நூற்றாண்டிலேயே. அம்பயருக்கு நேர் எதிராக நடந்தது. அது பிரெஞ்சிலிருந்து வரும்போது 'நூம்பேர்' மாதிரி ஒரு சொல், யாருக்கும் ஜோடி இல்லாத நடு ஆள் என்று அர்த்தம். அதன் தலையிலிருந்த ந-வை முன்னால் நின்ற 'அ' இழுத்துக்கொண்டு 'அன்' ஆகிவிட்டது.

திவ்யா (மெல்போர்ன்): அம்பயரிடமே நிக் பண்ணியிருக்கிறார்கள் அப்பா.

அருண்: சைக்கிளைப் பார்த்துவிட்டேன், நிஜமாகவே நல்ல நிக்தான். 80 பவுண்டு சொல்கிறார்.

அம்மா: அவருடைய சைக்கிள்தானா என்று முதலில் கேள். எழுதி வாங்கிக்கொள். பூட்டு ரெண்டு போடு.