பிடி-1 எலைசா: வெற்று வெல்லும் (தட்டின் குழியும்) மஞ்சளாகிறது, எங்கே தவறு?

வைகைக்கரை:
மனித பிடி-1 (டி செல்லின் மேலிருக்கும் ஏற்பி) ரீகாம்பினன்ட் புரதம், எஃப்சி (ஆன்டிபாடியின் வால்பகுதி) இணைத்தது, ஹெச்.இ.கே. 293 என்ற மனித செல் வகையில் தயாரானது, 50 மைக்ரோகிராம் பவுடர். மூன்று சந்தேகங்கள். கத்திரி வெயிலில் மதுரை வந்து சேர்ந்தபோது ஐஸ் பேக் முழுக்க உருகிக் கிடந்தது, பவுடர் பாழாகியிருக்குமா? விவரத்தாளில் 43 கிலோடால்டன், ஜெல்லிலோ பேண்ட் 60-70க்கு நடுவே பரவி நிற்கிறது. பெரிய தலைவலி எலைசா (புரதங்கள் ஒட்டுவதை நிறத்தால் காட்டும் சோதனை). பிடி-1 பூசி, அதன் ஜோடிப் புரதமான பிடி-எல்1 எஃப்சி விட்டு, மனித ஐஜிஜி-க்கு (ஒரு வகை ஆன்டிபாடி) எதிரான, ஹெச்.ஆர்.பி. (நிறம் தரும் என்சைம்) ஏற்றிய ஆன்டிபாடி போட்டால், பிடி-எல்1 விடாத வெல்லும் அதே மஞ்சள். ஏழெட்டுத் தடவை கழுவியும் குறையவில்லை.

அழகர்மலை:
தம்பி, எத்தனை தடவை கழுவினாலும் போகாது. நீங்கள் பூசிய பிடி-1-இல் ஒட்டியிருப்பதே மனித ஐஜிஜி1-இன் எஃப்சி. உங்கள் ஆன்டிபாடி தேடுவதும் அதைத்தான். பயோட்டின் ஏற்றிய பிடி-எல்1 எஃப்சி வாங்குங்கள், அதன்மேல் பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் ஹெச்.ஆர்.பி. விடுங்கள். ப்ளாக்கிங்குக்கு (காலி இடத்தை அடைக்க) பால்பவுடர் வேண்டாம். பாலிலுள்ள பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடினைப் பிடித்துக்கொள்ளும். 2 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் ஹெச்.ஆர்.பி. வேலை செய்யாது. மனித ஐஜிஜி1 எஃப்சி-யை மட்டும் அதே செறிவில் பூசிய ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வரும் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. பிடி-எல்1 எஃப்சி-யைப் பூசி, மேலே ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் அடையாள வால்) பிடி-1 விட்டு, ஹிஸ் ஆன்டிபாடியால் பார்க்கலாமா?

அழகர்மலை:
சிக்னல் தேறாது. பிடி-1, பிடி-எல்1 பிடிப்பு ஒன்றுக்கொன்று என்றால் மிகத் தளர்வு, கேடி (பிடிப்பின் அளவு, எண் கூடினால் பிடி தளர்வு) சுமார் 8 மைக்ரோமோலார்; கழுவும்போதே விட்டுவிடும். எஃப்சி சேர்ந்தால் இரட்டையாகி இரண்டு கையாலும் பிடிக்கும், அதனால்தான் தாங்குகிறது. பயோட்டின் ஏற்றியதையும் எஃப்சி வடிவில் சொன்னது இதற்காகவே.

கீழவாசல்:
ஜெல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 43 என்பது அமினோ அமிலக் கணக்கு. பிடி-1-இன் வெளிப்பகுதியில் சர்க்கரை ஏறும் இடங்கள் நான்கு, எஃப்சி-யில் ஒன்று. சந்தேகம் தீர, சர்க்கரையை வெட்டியெடுக்கும் பிஎன்கேஸ் எஃப் என்சைம் போடுங்கள்: புரதம் விரிய எஸ்.டி.எஸ்., டி.டி.டி. சேர்த்து 100 டிகிரியில் 10 நிமிடம், ஆறியதும் என்பி-40 (மென்மையான டிடர்ஜென்ட்), பிறகு என்சைம், 37 டிகிரியில் 1 மணி நேரம். என்பி-40 மறந்தால் எஸ்.டி.எஸ். என்சைமையே முடக்கிவிடும். பேண்ட் கீழே இறங்க வேண்டும். 36 கிலோடால்டன் அருகே புதிதாக ஒரு பேண்ட் தெரிந்தால் பதறாதீர்கள், அது என்சைம்.

உருகிய ஐஸ் பேக்: உறைநிலையில் உலர்த்திய பவுடர் ஓரிரு நாள் வெயிலைப் பெரும்பாலும் தாங்கும். ஈரம்தான் எதிரி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பி அறைவெப்பத்துக்கு வந்தபிறகே திறக்கவும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். திறக்குமுன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று. பவுடர் மூடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கும் தெரியாது. 250 மைக்ரோலிட்டர் ஸ்டெரைல் பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்பு பஃபர்) விட்டு, 20 நிமிடம் அப்படியே, பிறகு மெல்லச் சுழற்றுங்கள். வோர்டெக்ஸ் கூடாது, நுரைத்தால் புரதம் குலையும்.

20 மைக்ரோலிட்டர் பங்குகளாக ஒட்டாத டியூபில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கில் 4 மைக்ரோகிராம்; 4 மி.லி. பி.பி.எஸ்.-இல் கலந்தால் 40 வெல்லுக்கு 1 மைக்ரோகிராம்/மி.லி. பூச்சு. மிச்சத்தைத் திரும்ப உறையவைக்காதீர்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் ஆகவே ஆகாது. பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் முன்னிரவே காலி இடத்தை உறைந்த ஜெல் பேக்கால் அடைத்துவிட்டு, கரண்ட் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.