கால்சியம் 355, ஆல்கலினிட்டி 6: சுண்ணாம்புத் தண்ணீரா, சோடா உப்பா, கடல் தண்ணீரா?

நாகர்கோவில் புதுத்தொட்டி
வீட்டில் பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி, 200 லிட்டர் டேங்க், எட்டு மாதமாக ஓடுகிறது. லெதர், மஷ்ரூம், ஸோவா என்று மென்பவளங்கள்தான், கல் பவளம் எதுவும் இல்லை. தண்ணீர் மணக்குடியில் பொழிக்கு (கழிமுகத்துக்கு) பக்கத்தில் பிடித்து வடிகட்டி ஊற்றுவது. பாறையில், கால்சியம் எடுத்து வளர்கிற ஊதா நிறக் கோரலைன் பாசி பரவவே மாட்டேன் என்கிறது. நண்பனின் டெஸ்ட் கிட்டை வாங்கிப் பார்த்தேன்: கால்சியம் 355 பிபிஎம் (பத்து லட்சத்தில் 355 பங்கு), ஆல்கலினிட்டி, அதாவது பிஎச் ஆடாமல் தாங்குகிற காரத்தன்மை, 6 டிகேஎச் (அதன் அலகு). இவற்றை ஏற்றுகிற மருந்தைக் கடையில் பாட்டில் பாட்டிலாக எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்க?

சுண்ணாம்பு அண்ணன், மார்த்தாண்டம்
தம்பி, பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதே. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூள், லிட்டருக்கு ஒன்றரை கிராம், ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி மூடி வை. காலையில் அடியில் வெள்ளை வண்டல் தங்கியிருக்கும், மேலே கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அந்தத் தெளிவை மட்டும் ராத்திரி லைட் அணைந்த பிறகு, ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விடு. ராத்திரிதான் பிஎச் இறங்கும், இது தாங்கிப் பிடிக்கும். பவளம் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் எடுக்கிறதோ அதே விகிதத்தில் இது கொடுக்கும், ஒன்று ஏறி இன்னொன்று இறங்குகிற தொல்லையே கிடையாது. ஆறு வருடமாக இதுதான் என் டேங்குக்குச் சாப்பாடு.

குளச்சல்காரன்
ஆறு வருடக் கதையில் போன வருடக் கதையை விட்டுவிட்டீர்களே அண்ணே? தானாக நிரப்புகிற மிதவை சிக்கி, ஐந்து லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரே ராத்திரியில் உள்ளே போய், டேங்க் மோர் மாதிரி ஆனதே. நத்தை ஒன்றாவது மிஞ்சியதா?

தம்பி, கடலை வாசலில் வைத்துக்கொண்டு மருந்துக்கு அலையாதே. நல்ல கடல் தண்ணீரில் கால்சியம் 410 பக்கம், ஆல்கலினிட்டி 7, மெக்னீசியம் 1,290 பக்கம், எல்லாம் சும்மா இருக்கிறது. வாரம் 20 சதவீதம் மாற்று. முடிந்தது வேலை.

தக்கலை டீச்சர்
முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள் குளச்சல்காரரே. டேங்கில் 6, புதுத் தண்ணீரில் 7, ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் எவ்வளவு ஏறும்? 0.2. அவ்வளவுதான். இருப்பதைக் காப்பாற்ற அது கொஞ்சம் உதவும், விட்டதைப் பிடிக்க உதவாது.

சுண்ணாம்புக்கும் ஒரு எல்லை உண்டு. ஆவியாகிற அளவுக்குத்தான் ஊற்ற முடியும். ஆடிக் காற்றில் மூன்று லிட்டர் போகிற டேங்கில் ஐப்பசி மழைக்கு ஒரு லிட்டர்கூடப் போகாது. 200 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் தருவது 0.6 டிகேஎச்சுக்கும் கொஞ்சம் குறைவு. கல் பவளம் நிறைந்த டேங்கில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதனால் என் ஓட்டு, தனித்தனியாக அளந்து போடுகிற முறைக்கு. 100 லிட்டருக்கு 3 கிராம் சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட், ஆல்கலினிட்டியை 1 டிகேஎச் ஏற்றும். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றவே கூடாது, சந்தித்த இடத்திலேயே வெள்ளையாகத் திரிந்து ஹீட்டரிலும் பம்பிலும் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றவும் கூடாது.

ஆனால் எதையும் ஊற்றும் முன் ஒரு கேள்வி. உப்பு எவ்வளவு என்று தம்பி சொல்லவே இல்லையே?

வெற்றிலைப்பெட்டி
நடுவில் ஒரு சந்தேகம். நம்மூர் நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதானே? காளவாயில் பத்து ரூபாய்க்கு அள்ளிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை ஃபில்டரில் போட்டால் கரையாதா?

சுண்ணாம்பு அண்ணன், மார்த்தாண்டம்
மக்கா, அதை நான் செய்து பார்த்துவிட்டேன். சுவருக்குப் பூச நல்ல சரக்கு. டேங்குக்கு வேண்டாம். எத்தனை பங்கு நீறியது, எத்தனை பங்கு மண்ணும் சாம்பலும் என்று யாருக்கும் தெரியாது. திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து மறுபடியும் வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும். கலக்கி வைத்த சுண்ணாம்புத் தண்ணீரை மூடாமல் விட்டால் மேலே பாலாடை மாதிரி ஒரு சவ்வு படியும் பார், அதுவும் இந்த வேலைதான். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் வேண்டாம், வேறு என்ன சேர்த்திருப்பார்களோ. நல்ல தூள் வாங்கினாலும் கையுறை போடு, கண்ணில் படாமல் பார். பிஎச் 12க்கு மேல்.

மிதவைக் கதை உண்மைதான், மறுக்கவில்லை. அன்றிலிருந்து மிதவை இல்லை, ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும்தான் பாத்திரத்தில் வைக்கிறேன். முழுதும் கொட்டினாலும் கேடு வராது.

நடத்துநர்
பவளக்கல் பற்றி: இந்தியக் கடலின் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உயிரோடு இருந்தாலும் செத்து ஒதுங்கியிருந்தாலும் எடுக்க வேண்டாம், அப்படிப்பட்ட யோசனையை இங்கே எழுதவும் வேண்டாம்.

தக்கலை டீச்சர்
சட்டம் ஒரு பக்கம். அது கரையவும் கரையாது. பிஎச் 8 இருக்கிற கடல் தண்ணீரில் சுண்ணாம்புக்கல் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சித்தான் கரைந்திருக்கிறது, இன்னும் எப்படிக் கரையும்? தம்பி, உப்பு?

நாகர்கோவில் புதுத்தொட்டி
உப்பு பார்க்க, முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தான் வைத்திருக்கிறேன், எப்போதும் சரியான இடத்தில்தான் நிற்கும். டீச்சர் விடாமல் கேட்டதால் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பு அளக்கிற கருவி) கடன் வாங்கிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு 30 பங்குதான் உப்பு! பிறகு ஹைட்ரோமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தால் முள்ளில் குட்டிக் குட்டியாக நாலைந்து காற்றுக் குமிழி. விரலால் தட்டிவிட்டதும் முள் சரசரவென்று இறங்கியது. குமிழிதான் முள்ளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, இத்தனை மாதமும்.

தக்கலை டீச்சர்
இப்போது கணக்கு பாருங்கள். 35 உப்பில் கால்சியம் 410, ஆல்கலினிட்டி 7. 30 உப்பில்? 351, 6. உங்கள் டேங்கில் கால்சியமும் குறையவில்லை, ஆல்கலினிட்டியும் குறையவில்லை, தண்ணீர்தான் நீர்த்துக் கிடக்கிறது. மழைக்குப் பிறகு பழையாறு கலக்குமிடத்தில் பிடித்தால் பாதி ஆற்றுத் தண்ணீர்தானே வரும்.

நாம் மூன்று பேரும் இல்லாத நோய்க்கு மருந்து சண்டை போட்டிருக்கிறோம், என்னையும் சேர்த்துத்தான்.

குளச்சல்காரன்
பார்த்தீர்களா, பழி கடல்மேல் இல்லை, பிடித்த இடத்தின்மேல்! பொழியைத் தொடாதே தம்பி. முட்டம் பாறைப் பக்கம் மழையில்லாத நாளில் பிடி, அல்லது கடலுக்குப் போகிற படகில் இரண்டு கேன் கொடுத்துவிடு. உப்பை ஒரே நாளில் ஏற்றாதே. ஆவியாகிற இரண்டு லிட்டருக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் 35 உப்புத் தண்ணீரை ஊற்று. நாளுக்கு ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு உப்பு ஏறும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

நாகர்கோவில் புதுத்தொட்டி
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். உப்பு 34.5. கால்சியம் 400. ஆல்கலினிட்டி 6.2. கால்சியம் வந்துவிட்டது, இது ஏன் வரவில்லை?

தக்கலை டீச்சர்
உப்புக்குத் தக்கபடி 6.9 வந்திருக்க வேண்டும். 0.7 குறைகிறது, அதை உங்கள் உயிர்கள் எடுத்துக்கொண்டன. 1 டிகேஎச் எடுக்கும்போது கால்சியம் 7 பிபிஎம்தான் போகும், ஆக இங்கே போனது 5. நானூறில் ஐந்து உங்கள் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் வாரம் ஒரு முறை ஆல்கலினிட்டியைப் பார்த்தால் போதும், கால்சியத்தை மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 0.05 டிகேஎச்தான் செலவு. சோடா உப்பு என்றால் கால் ஸ்பூன்கூட இல்லை, 0.3 கிராம். வீட்டுத் தராசில் நிறுக்கவே முடியாது. இந்த ஒரு டேங்குக்கு மட்டும் சுண்ணாம்பு அண்ணன் சொல்வது சரி. தினம் 100 மில்லி.

சுண்ணாம்பு அண்ணன், மார்த்தாண்டம்
"இந்த ஒரு டேங்குக்கு மட்டும்" என்பதை வாபஸ் வாங்குங்கள் டீச்சர்.

தக்கலை டீச்சர்
மாட்டேன்.

குளச்சல்காரன்
தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தாதே தம்பி. இவர்கள் இரண்டு பேரும் அதை மறந்துவிடுவார்கள்.

நாகர்கோவில் புதுத்தொட்டி
மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப் செட் வாங்கி, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டிவிட்டேன் அண்ணே. வண்டல் வராமல் தெளிவை மட்டும் எடுத்து 100 மில்லி. ராத்திரி பத்து மணிக்குத் திறந்தால் விடியும் வரை சொட்டுகிறது. டியூப் முனையைத் தண்ணீருக்குள் விட்டுவிடலாமா, சத்தம் கேட்கிறது.

சுண்ணாம்பு அண்ணன், மார்த்தாண்டம்
விடாதே. முங்கினால் முனையில் வெள்ளையாகக் கட்டி பிடித்து நாலே நாளில் அடைத்துவிடும். ஒரு சாண் மேலே, பம்ப் தண்ணீர் வேகமாகச் சுழலும் இடத்துக்கு நேராகக் கட்டு. சத்தத்துக்கு நாளாவட்டத்தில் பழகிவிடும்.