தடுப்பாளர் காலில் பட்டு வந்த பந்து: ஆஃப்சைடா, இல்லையா?

வணக்கம் நண்பர்களே. பள்ளிப் பசங்களின் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

2021 நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராக பிரான்ஸின் எம்பாப்பே அடித்த வெற்றி கோல் நினைவிருக்கும். பாஸ் கொடுத்த நொடியில் அவர் ஆஃப்சைடில்தான் (பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி, கோலுக்கு அருகில்) நின்றார். நடுவில் ஸ்பெயின் தடுப்பாளர் எரிக் கார்சியா சறுக்கி நீட்டிய காலில் பந்து பட்டது. கார்சியா பந்தை வேண்டுமென்றே ஆடியதாகவும், அதனால் ஆஃப்சைடு இல்லை என்றும் கொண்டு கோல் கொடுத்தார்கள். எனக்கு இன்றும் அது அநியாயமாகவே படுகிறது. வேண்டுமென்றே ஆடியதா என்பதை முடிவு செய்ய 2022இல் விளக்கம் வந்தது: பந்து தூரத்திலிருந்து வந்ததா, தெளிவாகத் தெரிந்ததா, உடலைச் சரிப்படுத்த நேரம் இருந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

வீடியோ இல்லாமல், ஒற்றை விசிலோடு ஓடும் நான் இதை ஒரு நொடியில் எப்படி முடிவு செய்வது? நீங்கள் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?

ஹேண்ட்பாலிலும் (பந்து கையில் படும் குற்றம்) ஒரு சிக்கல். சக வீரர் கையில் தற்செயலாகப் பட்ட பந்தை இன்னொருவர் கோலாக்கினால் 2021 முதல் குற்றமில்லை. போன வாரம் அப்படி ஒரு கோல் கொடுத்தேன், எதிரணிப் பயிற்சியாளர் ஏற்கவே இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?