ஆரஞ்சு ரப்பர் இருந்தால்தான் நல்ல ஆயில் ஃபில்டரா?

அல்சூர்வாசி:
எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் பதிவு போட்டிருக்கிறார். கார் எஞ்சினின் ஆயில் ஃபில்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். ஓட்டைகளுக்குள் தெரியும் ரப்பர் ஆரஞ்சாக இருந்தால் வாங்கலாமாம், கருப்பாக இருந்தால் தூக்கி எறிய வேண்டுமாம். நேற்றுதான் பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் ஆயில் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் வாங்கி வந்தேன். என்னுடையது கருப்பு. கார் பானட்டைத் திறந்தே பார்க்காதவர் சொல்வதைக் குழுவே நம்புகிறது, எரிச்சலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றப் போகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி மெக்கானிக்:
அவர் சொன்னது சரிதான் சார். எஞ்சினை அணைத்த பிறகு ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்த ரப்பர்தான். ஆன்டி டிரெயின்பேக் வால்வு என்பார்கள். அது இறுகிப்போனால் ராத்திரியோடு ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும். கருப்பு என்றால் நைட்ரைல் என்ற ரப்பர் வகை, சூட்டில் இறுகும். ஆரஞ்சு என்றால் சிலிகோன், இறுகாது. 24 வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட் டீசல்:
அண்ணே, சிலிகோன் நல்லது என்பதில் சண்டை இல்லை. ஆனால் நிறம் வெறும் சாயம். நைட்ரைலிலும் ஆரஞ்சுச் சாயம் சேர்க்கலாம், சிலிகோனைக் கருப்பாகவும் செய்யலாம். கண்ணால் பார்த்து ரப்பரின் ஜாதகத்தைச் சொல்ல முடியாது. இன்னொன்று, திருகும் வாய் மேலே பார்க்கும்படி ஃபில்டர் நிற்கும் கார்களில் ஆயில் தானாகவே உள்ளே தங்கும். அங்கே அந்த வால்வுக்கு அவ்வளவு வேலையே இல்லை.

கம்மனஹள்ளி மெக்கானிக்:
ஆரஞ்சு ரப்பர் இறுகி நான் பார்த்ததே இல்லை. நீங்கள் எத்தனை ஃபில்டரை அறுத்துப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி?

பானஸ்வாடி அக்கா:
ஒரு நிமிஷம். நல்ல ஃபில்டர் என்று எதைச் சொல்கிறீர்கள்? தூசியைப் பிடிப்பதா, அதிக நாள் உழைப்பதா, ஆயிலைத் தடையில்லாமல் விடுவதா? தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). எஞ்சினைத் தேய்ப்பதோ 10, 20 மைக்ரான் துகள்கள். அவற்றில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்று சோதிக்கத்தான் ஐஎஸ்ஓ 4548-12 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டிருக்கிற ஃபில்டரை வாங்கலாமே?

கம்மனஹள்ளி மெக்கானிக்:
அக்கா, கணக்கெல்லாம் அப்புறம். முதலில் ரப்பர். போன வாரம் ஒரு வண்டியில் கழற்றிய ஃபில்டரை ஹாக்ஸாவால் அறுத்தேன். கருப்பு ரப்பர். விரலால் மடக்கினால் அப்பளம் போல உடைந்தது. உள்ளே பேப்பர் மடிப்பு ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தது, இன்னொரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மடிப்பைச் சேர்க்கும் பசை பாதியில் நின்றிருந்தது. இதற்குப் பிறகும் கருப்பை மாட்டச் சொல்கிறீர்களா?

ஒயிட்ஃபீல்ட் டீசல்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். மடிப்பு மோசம், பசை மோசம். மட்டமாகச் செய்த ஃபில்டர், அவ்வளவுதான். பழியை நிறத்தின் மேல் போடுகிறீர்கள். ஹாக்ஸாவால் அறுத்தால் இரும்புத்தூள் பேப்பரில் விழும், எஞ்சின் தேய்ந்து வந்த தூள் எது என்றே தெரியாமல் போகும். ஃபில்டர் கட்டர் வாங்குங்கள். போன மழைக்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் விஷயத்திலும் இப்படித்தான், பச்சை நல்லது, சிவப்பு கெட்டது என்று நிறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

கம்மனஹள்ளி மெக்கானிக்:
கூலண்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னது தப்பில்லை. புத்தகம் படித்துப் பேசுகிறவருக்கும் கையில் கறை படிந்து பேசுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

சிவாஜிநகர் தமிழ்:
வடிகட்டி என்று அழகான சொல் இருக்கும்போது எல்லோரும் ஏன் ஃபில்டர் ஃபில்டர் என்கிறீர்கள்?

கம்மனஹள்ளி மெக்கானிக்:
ஜே.சி. ரோட்டில் போய் வடிகட்டி கேளுங்கள் ஐயா, டீக்கடைக்கு வழி சொல்வார்கள்.

சிவாஜிநகர் தமிழ்:
மூன்று தலைமுறையாக இந்த ஊரில் தமிழ் பேசும் குடும்பம் எங்களுடையது. சொல்லைக் கேலி செய்ய வேண்டாம்.

அல்சூர்வாசி:
என் ஏர் ஃபில்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. பழையதைக் கம்ப்ரஸரால் ஊதி மாட்டினால் போதும் என்று கடைக்காரர் சொன்னார்.

பானஸ்வாடி அக்கா:
ஊத வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய 9,000 லிட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். அவ்வளவும் அந்தப் பேப்பர் வழியாகத்தான் போகிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கமாகத் தினமும் போகிறவர் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. அந்தத் தூசியில் மணல் இருக்கிறது, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்ப்பது அதுதான். அழுத்தக் காற்றில் பேப்பர் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு அப்பால் எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். நெறுநெறுவென்று ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது ஓரம் சரியாக உட்காரவில்லை.

ஒயிட்ஃபீல்ட் டீசல்:
சரியான பேச்சு. எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர் மாட்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள் அக்கா. நுண்ணிய தூசியைப் பேப்பர் அளவுக்கு அது பிடிக்காது. எண்ணெய் அதிகமாகிவிட்டால் காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சாரிலும் போய்ப் படியும்.

கம்மனஹள்ளி மெக்கானிக்:
மெதுவாக, உள்ளிருந்து வெளியே, தூரத்தில் பிடித்து ஊதினால் பேப்பருக்கு ஒன்றும் ஆகாது. என் கடையில் தினமும் செய்கிறேன். ஊதிய பிறகு பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், ஊசி ஓட்டை தெரிந்தால் தூக்கிப் போடுவேன். புதிதையே மாட்டு என்று சொல்வது சுலபம், காசு கொடுக்கிறவர் வேறொருவர்.

பானஸ்வாடி அக்கா:
முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நல்லது என்றால் எது?

கம்மனஹள்ளி மெக்கானிக்:
ஆரஞ்சு ரப்பர். எத்தனை தடவை சொல்வது? ஃபில்டர் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டில் துளி ஆயில் தடவுங்கள், கையால் திருகி, கேஸ்கட் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பழைய கேஸ்கட் எஞ்சின் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டு சேர்ந்தால் ஆயில் முழுக்க ரோட்டில்தான். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒயிட்ஃபீல்ட் டீசல்:
நீங்கள் சொன்ன முக்கால் சுற்று ஃபில்டர் டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும் அண்ணே. நிறம் சாயம்தான், நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் ஆரஞ்சு ரப்பர் ஃபில்டரை மாட்டினால், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை வடிகட்டாமலே விடும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். அது முன்னதாகவே திறந்தால் வடிகட்டாத ஆயில் எஞ்சினுக்குள் போகும்.

சிவாஜிநகர் தமிழ்:
பார்த்தீர்களா, இவரே வடிகட்டாத என்றுதான் எழுதுகிறார்.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பில்லை எடுத்துப் பார்த்தேன், என் கார் மாடலுக்கான பார்ட் நம்பர்தான். கருப்பு ரப்பரை மாட்டலாமா, கூடாதா?

கம்மனஹள்ளி மெக்கானிக்:
ஞாயிறு காலை கடைக்கு எடுத்து வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஆரஞ்சையும் கருப்பையும் அறுத்துக் காட்டுகிறேன். ஒயிட்ஃபீல்ட் தம்பியும் வரட்டும்.

ஒயிட்ஃபீல்ட் டீசல்:
கட்டர் இருந்தால் வருகிறேன்.