பெரியம்மா கொடுத்த தையல் மெஷின்

குழு: வைகைக்கரைக் குடும்பம்

சனிக்கிழமை

கவிதா: பெரியம்மா, மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆட்டோக்காரரே மாடி வரைக்கும் தூக்கி வைத்துவிட்டுப் போனார். துடைத்து எண்ணெய் விட்டு, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் ஓட்டிப் பார்த்தேன். மேலே தையல் அழகாக இருக்கிறது, திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. படம் போட்டிருக்கிறேன் பாருங்கள். கீழ் நூல் சுற்றிய பாபினை மாற்றியும் அப்படியேதான் வருகிறது.

முருகேசன் மாமா: பாபின் பக்கமே போகாதே தாயி. அடியில் கொத்து விழுந்தால் கோளாறு மேல் நூலில். சிக்கு கீழே தெரிவதால் எல்லாரும் பாபின் கேஸ் ஸ்க்ரூவைத்தான் முதலில் திருகுவார்கள், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். மேல் நூலை முழுக்க உருவிவிட்டு, துணியை அழுத்துகிற காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோர். கால் இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் ஒட்டியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது. மேலும் கீழும் ஆடுகிற கொம்பு இருக்கிறதே, அதன் ஓட்டையிலும் நூல் போயிருக்கிறதா என்று பார். ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்.

கவிதா: மாமா!!! சரியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறது.

வசந்தா பெரியம்மா: நல்லது. இப்போது அந்த நூலைக் கழற்றி எடுத்து வை. ஒரு வாரத்துக்கு நூல் வேண்டாம். கோடு போட்ட நோட்டில் தாளைக் கிழித்து, கோட்டின் மேலேயே ஓட்டு. நேர்க்கோடு வந்த பிறகு வளைவு, அப்புறம் வட்டம். மேல் சக்கரத்தைக் கையால் உன் பக்கமாகச் சுற்றிவிட்டு, அது ஓடுகிற போக்கிலேயே காலை மிதி. முன்காலும் குதிகாலும் மாறி மாறி இறங்க வேண்டும். சக்கரம் பின்பக்கமாகப் போனால் நூல் அறுந்துவிடும், அதனால்தான் நூல் இல்லாமல் பழகச் சொல்கிறேன். தாளில் ஓட்டினால் ஊசி மழுங்கும். துணிக்கு வரும்போது ஊசியை மாற்றிவிடு. காட்டனுக்கு 14 அல்லது 16, மெல்லிய பட்டுக்கு 11.

கவிதா: ஒரு வாரமா! தீபாவளிக்கு நானே ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேனே பெரியம்மா.

வசந்தா பெரியம்மா: ஜாக்கெட் கடைசியில்தான். முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டும், கையின் வளைவும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும், உடம்புக்குத் தகுந்தபடி பிடிக்கிற டார்ட் மடிப்பு கால் அங்குலம் தள்ளினாலும் கண்ணுக்குத் தெரியும். முதலில் தலையணை உறை, அப்புறம் ஆறு பீஸ் உள்பாவாடை. பாவாடையில் எல்லாமே நேர் தையல்தான், ஆனால் துணியைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு பக்கம் துணியின் இழையோடு போகிற நேர், ஒரு பக்கம் இழைக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ். நேரோடு கிராஸைச் சேர்த்தால் அமைதியாக நிற்கும். கிராஸும் கிராஸும் சேர்ந்தால் அந்த இடம் இழுபட்டுத் தொங்கும்.

தேவி அக்கா: அம்மா சொன்னால் அம்மா சொன்னதுதான், ஆனாலும் எனக்கு இதில் வேறு எண்ணம். ஆசைப்பட்டதைத் தைக்க விட்டால்தான் மெஷினில் மறுநாளும் போய் உட்காரத் தோன்றும். பாவாடை யார் கண்ணில் படுகிறது? கவி, கை இல்லாத குர்தி ஒன்று தை. இரண்டு தோள், இரண்டு பக்கம், கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பட்டி. சாயங்காலமே போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.

வசந்தா பெரியம்மா: கிராஸ் பட்டி வளைவில் சுருங்காமல் உட்காரத் துணி தெரிந்திருக்க வேண்டும் தேவி.

அருண்: நான் எதையும் படிக்கவில்லை. என் ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்தது, யூடியூப் பார்த்து உள்ளே ஒட்டுப் போட்டேன். பெங்களூரில் ரூமில் இருக்கும் எல்லாருக்கும் இப்போது நான்தான் பேன்ட் அடி மடித்துக் கொடுக்கிறேன். மாமா, ஒரு சந்தேகம். கை ஊசிக்குக் காது பின்னால் இருக்கிறது, மெஷின் ஊசிக்கு மட்டும் ஏன் முனையில்?

முருகேசன் மாமா: கை ஊசி துணியைத் தாண்டி முழுதாக அந்தப் பக்கம் போய்விடும். மெஷின் ஊசி போகாது, கீழே இறங்கிக் கொஞ்சம் ஏறும். அப்படி ஏறும்போது முனைக்குப் பக்கத்தில் நூல் சின்ன வளையமாக நிற்கும். ஷட்டில் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும், மேல் நூலும் கீழ் நூலும் பூட்டிக்கொள்ளும். அடுத்த தடவை அடி மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்டா. எனக்கு இன்றைக்கும் அது அலுக்கவில்லை.

சுந்தரம் தாத்தா: எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இந்தப் பூட்டுத் தையல் மெஷினுக்குத்தான். சிங்கர் வந்தது 1851-ல். இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று காந்தியிடம் 1924-ல் கேட்டபோது, அவர் விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனிதன் கண்டுபிடித்ததில் உருப்படியான சிலவற்றில் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்தது என்றும் சொன்னார். அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கியதற்கு, ஆமாம், அது அரசின் கையில் இருக்கட்டும் என்று பதில்.

அம்மா: சித்தப்பாவிடம் எதைக் கேட்டாலும் வருஷத்தோடு வரும்.

கவிதா: சரி, நான் ஒன்று கேட்கிறேன், எல்லாரும் பதில் போட வேண்டும். நீங்கள் எல்லாம் முதலில் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? எப்போது உங்களுக்குப் பிடித்துப்போனது? இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததா?

வசந்தா பெரியம்மா: எனக்கு ஒரே சமயம்தான். ஆறாம் வகுப்பில் தையல் பீரியட். வெள்ளைத் துணியைச் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு தையல்: ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், சங்கிலித் தையல், காஜா, கொக்கி, ஒட்டுப் போடுதல். எல்லாவற்றையும் பழுப்புத் தாள் நோட்டில் ஒட்டிக் கீழே பெயர் எழுத வேண்டும். மற்ற பாடத்தில் டீச்சர் சொன்னால்தான் சரியா தப்பா என்று தெரியும். தையலில் துணியைத் திருப்பினால் எனக்கே தெரியும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிழிசலில் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டி நெய்து மூடுவதை டீச்சர் காட்டிய நாளில், வீட்டுக்கு வந்து அப்பா துண்டில் இருந்த ஓட்டையை எல்லாம் அடைத்தேன். அப்புறம் அரசுத் தையல் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலையும் எழுதினேன். கொடுத்த நேரத்துக்குள் அளவு போட்டு வெட்டித் தைத்து முடிக்க வேண்டும், கை நடுங்கும். டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்து டீச்சரானது அதற்குப் பிறகு. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், கணவர் இல்லாதவர்கள், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷின் வாங்கி இன்றைக்கும் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். தெருவில் யாருக்காவது தேவை என்றால் சமூக நலத்துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும்.

அம்மா: நான் கற்றுக்கொண்டது பணத்துக்கு. நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சேலைகளுக்கு எல்லாம் ஃபால் அடித்துக் கொடுத்தேன். மெஷின் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் மத்தியானம் ரேடியோ போட்டுவிட்டு, சேலையை மடியில் விரித்து, வெளியே தெரியாமல் ஒவ்வொரு இழையாக எடுத்து ஹெம்மிங் போடுவது பிடிக்கும். காசு வாங்குவதை விட்ட பிறகும் அதை விடவில்லை.

தேவி அக்கா: கம்பெனியில் கற்றுக்கொள்வது இதற்கெல்லாம் நேர்மாறு சித்தி. திருப்பூரில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது தோள் சேர்ப்பது மட்டும். துணி ஓரத்தைப் பிசிறில்லாமல் சேர்க்கிற ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இடப்பக்கம் ஒரு கட்டு வரும், தோளைச் சேர்த்து வலப்பக்கம் தள்ள வேண்டும். கழுத்து வேறொருத்தி, கை வேறொருத்தி, அடி மடிப்பு ஃபிளாட்லாக் மெஷினில் இன்னொருத்தி. நான் சேர்த்த தோள் எந்த பனியனில் போனது என்றே தெரியாது. வேகம் வந்தது, பிரியம் வரவில்லை. சாம்பிள் செக்‌ஷனில் ஆள் இல்லை என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, வெட்டிய பீஸ் எல்லாவற்றையும் கையில் கொடுத்து ஒரு டிஷர்ட்டை முழுசாக முடிக்கச் சொன்னார்கள். முடித்து மேசையில் பரப்பி வைத்தபோது, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன் கவி, ஒன்றை முழுசாக முடி. சின்னதாக இருந்தாலும் முழுசாக.

கவிதா: அக்கா, இதை நீ சொன்னதே இல்லையே.

தேவி அக்கா: யாரும் கேட்கவில்லை. பனியன் துணி கையில் கிடைத்தால் இழுத்துப் பிடித்துத் தைக்காதே, அலை அலையாக நிற்கும். அதற்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி தனியாக வாங்க வேண்டும்.

கவிதா: மாமா எங்கே? அவர் சொல்லாமல் விட முடியாது.

முருகேசன் மாமா: இருக்கிறேன் தாயி, டைப் அடிக்க நேரம் ஆகிறது.

எனக்கு ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்காது. படிப்பு ஏறவில்லை என்று எட்டாம் வகுப்போடு நிறுத்தி அப்பா மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில், ஒரு தையல் மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டார். இப்போது கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அப்போது மண்டபத்துக்குள்ளேதான். ஒரு பக்கம் திருமலை நாயக்கர் காலத்துத் தூண், அதில் ஆள் உயரச் சிலை, அதன் அடியில் மெஷின் போட்டு மாஸ்டர் தைப்பார். கூட்டாளிகள் தெருவில் விளையாடுவார்கள், நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு இருப்பேன். காஜா, பட்டன், ஹெம்மிங், பிசிறு வெட்டுவது, டீ வாங்கி வருவது. மெஷினைத் தொடவே ரொம்ப நாள் விடவில்லை. மாஸ்டர் சாப்பிடப் போகும்போது சும்மா மிதித்துப் பார்ப்பேன்.

சித்திரைத் திருவிழா வந்தால் ராத்திரி பகல் கிடையாது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் அரைக்கால் சட்டை மாதிரியான சல்லடம், குல்லா, மேல்சட்டை. சிவப்பும் பச்சையுமாக வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை. வெல்வெட் தைப்பது கஷ்டம், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஓட்டினால் மேல் துணி நழுவி நீண்டுவிடும். முதலில் கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துவிட்டு அப்புறம்தான் மெஷினில் வைப்போம். முடியைத் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டும் ஒரே பக்கம் படிகிற மாதிரி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் ஒரு கால் ஒரு நிறம், மறு கால் வேறு நிறமாகத் தெரியும். மாஸ்டர் எனக்கென்று முழுசாகக் கொடுத்த முதல் வேலை ஒரு சல்லடம். பச்சை வெல்வெட், மஞ்சள் பட்டி.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு ஆற்றுக்குள் நிற்கிறேன். அத்தனை கூட்டத்தில் அந்தச் சல்லடம் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறது. கட்டியிருந்தவர் யாரென்று தெரியாது, வயசானவர், தோளில் தண்ணீர் பீய்ச்சுகிற தோல்பையான தோப்பறை, சாமி வந்து குதிக்கிறார். தொடையிடுக்குத் தையல் அப்படியே நிற்கிறது, பிரியவில்லை. அந்த இடத்தில் இரண்டு தடவை ஓட்டு என்று மாஸ்டர் எனக்குச் சொல்லியிருந்தார், எதற்கு என்று அப்போது புரிந்தது. அவர் பின்னாலேயே ரொம்ப தூரம் போனேன். மறுநாள் மாஸ்டர் கடை திறக்கும் முன்னால் நான் போய் உட்கார்ந்திருந்தேன்.

அருண்: மாமா, இதை நான் இப்போதுதான் கேட்கிறேன்.

சுந்தரம் தாத்தா: அவன் அப்பனுக்கு இதைச் சொன்னானா தெரியவில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருப்பார்.

வசந்தா பெரியம்மா: முருகேசா, கவிதாவுக்கு அந்தத் தொடையிடுக்குத் தையலைச் சொல்லிக்கொடு. நான் வகுப்பில் அத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன், இப்படிப் புரிகிற மாதிரி சொன்னதில்லை.

கவிதா: பெரியம்மா, நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு முழுக்க நோட்டுத் தாள்தான். அது நேராக வந்ததும் உங்கள் பாவாடை. பாவாடை உங்கள் கண்ணுக்குத் தேறினால் அக்காவின் குர்தி. ஜாக்கெட் அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்கிறேன்.

தேவி அக்கா: பாவாடையை நல்ல நிறத்தில் எடு, மாம்பழ மஞ்சள் மாதிரி. வெட்டும் முன்னால் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடு. காட்டன் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

முருகேசன் மாமா: விளக்குத்தூண் பக்கம் கட் பீஸ் கடையில் நல்ல காட்டன் கிடைக்கும், கரை ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து வாங்கு. மெஷின் பெல்ட் படத்தில் தளர்ந்த மாதிரி தெரிகிறது. நாளை ஞாயிறு பத்து மணிக்கு நானே வருகிறேன், தோல் பெல்ட்டும் டேப்பும் கொண்டு வருகிறேன். நீ சாக்பீஸும் பெரிய கத்தரியும் எடுத்து வை. அந்தக் கத்தரியால் தாள் வெட்டக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்மா: தம்பி, சாப்பாடு இங்கேதான். அயிரை மீன் கிடைத்தால் குழம்பு வைக்கிறேன், சீக்கிரம் வந்துவிடு.